பச்சை ஒயர்

"அவன் வந்துடுச்சு" என்றார் பிரபாவதி, போனில்.
அஃறிணையில் முடித்ததால் புரிந்துகொண்டேன்,
வந்தது ஆள் இல்லை, அடுப்பு.

ஷெனாய் நகர். மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
அட்டைப்பெட்டிக்குள் என் நெஞ்சுயரம் நிற்கிறது:
மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை,
இரண்டும் சேர்ந்து சூடேறினால் ஆறு கிலோவாட்.
வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய பணம்.
முதல் கேக் ஆர்டர் ஞாயிற்றுக்கிழமை.
இன்று வியாழன்.

"ஃபிரிட்ஜ் பிளக் பக்கத்துலயே இருக்கே,
அதுல சொருகிடலாமே?"

நான் பதில் சொல்லவில்லை.
மெயினை அணைத்து, சுவிட்ச்பெட்டியைக் கழற்றி
பழைய அலுமினிய ஒயரை விரலால் லேசாக வளைத்தேன்.
உறை அப்பளம்போல் நொறுங்கித் தரையில் உதிர்ந்தது.
கூட்டாமல் விட்டேன்,
அவர் பார்க்கட்டும் என்று.

ஏழுமலை அண்ணன் செய்த அலமாரி அழகு.
இழைத்த தேக்கு, ஊசி நுழையாத பொருத்தம்.
அதுதான் வில்லங்கம்.
"இதுக்கு மூச்சுவிட இடம் வேணும்ணே."
பின்பலகையை அறுக்கச் சொன்னதும்
ரம்பத்தை உடனே எடுத்துவிட்டார்,
தீப்பெட்டியைத்தான் நெடுநேரம் தேடினார்.

ஞாயிறு வந்தது. ஆர்டர் வேறு யாருக்கோ போனது.
பிரபாவதி என்னோடு பேசுவதை நிறுத்தினார்.
சாதிக்கிடம் சொல்வார், சாதிக் என்னிடம் சொல்வான்,
மூவரும் அதே சமையலறையில்.

மின்வாரிய அலுவலகத்தில் பதினொரு நாள்.
கூடுதல் லோடு, மும்முனை இணைப்பு.
வேண்டியிருந்தது ஒரு கையெழுத்து,
அது சாப்பிடப் போயிருந்தது.
அதற்குள் தனி ஒயர் இழுத்தேன்,
ஆறு ஸ்கொயர் செம்பு, நடுவில் ஒட்டே இல்லாமல்.
அடுப்புக்கென்றே ஒரு பிரேக்கர்.
கசிவு கண்டால் இமைப்பதற்குள் விழ
இன்னொன்று.

தூக்கும் நாளில் கதவுகளை முதலில் கழற்றினோம்,
பிறகு தட்டுகளை, கம்பிகளை.
கைப்பிடியில் கைவைக்காதே என்று நான் சொல்லுமுன்
அவன் அடியில் கைகொடுத்திருந்தான்
(இந்த அவன் உயர்திணை).
உள்ளே தள்ளி, பக்கத்துக்கு இரண்டு திருகாணி,
கீழ்க்கதவு திறந்தால் முன்னால் சாயாமலிருக்க.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது
எர்த் மீட்டர் இல்லை என்றது.

மே மாதம். காம்பவுண்ட் சுவரோரம்
மூடி தொலைந்த குழி,
உள்ளே சிப்ஸ் உறைகள், வெடித்த மண்.
கரியும் உப்பும் புதிதாய்ப் போட்டு
லாரித் தண்ணீரில் இரண்டு குடம் ஊற்றினேன்.
"செடிகூட இல்லியே, எதுக்குத் தண்ணி?"
என்றார் வாட்ச்மேன் தணிகாசலம்.
மூன்று மாடி இறங்கிவரும் பச்சை ஒயரைக் காட்டினேன்.
மேலே ஏதாவது தப்பு நடந்தால்
இங்கேதான் வந்து படுக்கும் என்றேன்.
ஏனோ செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப்பார்த்தார்.

முதல் ஒரு மணி நேரம் வெறும் அடுப்புதான் எரிய வேண்டும்.
ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்தோம்.
தொழிற்சாலை எண்ணெய் புகைந்து நாறியது.
"கெட்டுப்போச்சா?"
சாதிக்கைத் தாண்டி நேராக என்னிடம் கேட்டார்,
இரண்டு வாரத்தில் முதல் வார்த்தை.
"இல்ல மேடம், புதுசுன்னா அப்படித்தான்."

மாலை, மேலறையில் கேக், கீழறையில் பன்.
கேக் நடுவில் வேகவில்லை. சாப்பிட்டேன்.
என் வேலை ஒயரோடு சரி.

இப்போது மாதம் ஒருநாள் அவரே
வாளியோடு இறங்கிவந்து குழிக்கு ஊற்றுகிறாராம்.
போன வாரம் அந்தப் பக்கம் போனேன்.
புது மூடி. அதன்மேல் யாரோ
ஒரு செம்பருத்தி வைத்திருந்தார்கள்.
மீட்டரை எடுத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.
பூவை அப்படியே விட்டுவிட்டேன்.