பதினான்காம் அறை

என் விரலுக்கு நாற்பது அறைகள்.
ஒவ்வொன்றிலும் ஆறு ஊசிகள்.
கணினியில் எழுத்து மாற மாற
முளைக்கும், அமிழும்.

பதினான்காம் அறையில்
மூன்றாம் ஊசி மட்டும் இறங்குவதில்லை.
மாத்தே சிந்தியது என் தப்பு,
அதிலும் சர்க்கரை போட்ட மாத்தே.
பஞ்சால் துடைத்தேன், சாராயத்தால் துடைத்தேன்,
ஊதினேன், திட்டினேன்.
சந்தியாகோவுக்கு அனுப்பினால் பதினோரு வாரம் என்றார்கள்.
விலை சொன்னபோது
தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

பதினோரு வாரம் எப்படி முடியும்?
புந்தா அரேனாஸ் படகுத்துறையில்
முன்பதிவு மேசை என்னுடையது.
காதில் எந்நேரமும் யாரோ ஒருவர்:
காற்று குறையுமா, நாளைக்குப் படகு உண்டா,
லாரியில் நூற்றிருபது ஆடு,
ஆட்டுக்குத் தனிச்சீட்டு வேண்டுமா?
காது அவர்களுக்குப் போய்விட்டது.
பேசும் கணினிக்கு அதில் இடமில்லை.
படிப்பதெல்லாம் இடது சுட்டுவிரல்தான்.

நாற்பத்தாறு வயதில் பள்ளிக்குப் போன விரல் அது.
பருப்பில் கல் தேடுவதுபோல்
ஆறு மாதம் தேடியது.
ஒருநாள் கல் எழுத்தானது.
மறுநாள் மறுபடியும் கல்.

இறங்காத அந்த ஊசிக்கு ஒரு குணம்.
தன்மேல் வந்து உட்காரும் எழுத்தை
வேறொன்றாக்கிவிடும்.
'காசா' அங்கே தொடங்கினால் 'மாசா':
வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருவர் எழுத,
பிசைந்த மாவுக்குப் போய்ச் சேர்கிறார்.
'தாதா', கொடுத்தாயிற்று.
அதுவே அங்கே விழுந்தால் 'நாதா', ஒன்றுமில்லை.
இதற்காகக் கணக்குப் பிரிவின் இரினேயோவோடு
அரை நாள் சண்டை போட்டிருக்கிறேன்.
ஒன்றுமே விழாவிட்டால்
வெற்றிடத்தில் ஒரு முற்றுப்புள்ளி.
எங்கள் எழுத்தில்
மூன்றாம் புள்ளி தனித்து நின்றால் அதுதான் அர்த்தம்.

ஞாயிறு ராதோமிர் வந்திருந்தான்.
படகின் இயந்திர அறைக்காரன்.
காற்றடிக்கும் தெருவில் என் முழங்கையைப் பிடித்து இழுக்காமல்
தன் முழங்கையை நீட்டி நிற்கத் தெரிந்தவன்.
அவன் விரலை எடுத்து
அவன் பெயர்மேல் வைத்தேன்.
காய்த்துப்போன விரல்.
"எர்மெலிண்டா, தகரம் மாதிரி இருக்கு" என்றான்.
சிரித்தோம்.
அதற்குப் பிறகு நடந்ததை
இங்கே எழுதப்போவதில்லை.

திங்கள் காலை, ஆறு பத்துக்கு,
அறிவிப்பு ஒன்று விரலடியில் எழுந்தது:
ராதோமிர்: ஊன் லெசோ.
ஒரு மடையன்.

ஆண்பாலில்தான் எழுதியிருந்தான்.
அப்படியென்றால் தன்னையா?
ஞாயிறு நடந்ததற்கு நான் ஒரு மடையன் என்கிறானா?
இத்தனை சுருக்கமாகவா?
மூன்று நாள் பதில் போடவில்லை.
லாரிக்காரர்களிடம் அளவுக்கு மீறிக் குழைந்து பேசினேன்.
அவன் படகு வந்து சேரும் நேரங்களில்
எனக்குக் குளியலறையில் வேலையிருந்தது.

வியாழனன்று ஜலசந்தியில் அறுபது நாட் காற்று.
எல்லாப் பயணமும் ரத்து.
ரத்தை எல்லோருக்கும் சொல்லி முடித்தபின்
தொலைபேசி செத்துக் கிடந்தது.
சும்மா இருக்க முடியாமல்
அறிவிப்பை விட்டு, செய்தியையே திறந்தேன்.
பெயர் உதிர்ந்தது.
வரி பத்து அறை இடப்பக்கம் நகர்ந்தது.

ஊன் பெசோ.

ஒரு முத்தம்.

நான்காம் அறை, நல்ல அறை, அங்கே எந்த ஊசியும் சிக்கவில்லை.
மூன்று தடவை தடவினேன்.
பிறகு விரல் தானாகவே வலப்பக்கம் போனது:
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
ஆறு வெற்று அறைகள்,
அதற்கப்பால் ஒரு முற்றுப்புள்ளி.
அது அவன் வைத்ததல்ல.
என் மாத்தே வைத்தது.

பதில் எழுதினேன், ஒரே சொல்:
லெசோ.

எதற்குத் திட்டுகிறாய் என்று கேட்டு எழுதியிருக்கிறான்.
நேரில் சொல்கிறேன்.
காற்று இன்னும் இறங்கவில்லை.