பதினொரு கிலோ

குளியலறைத் தராசில் பெட்டியை வைத்தால்
எண்ணைப் பெட்டியே மறைத்துவிடும்.
ஆகவே நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன்,
தமயந்தி குனிந்து படிப்பாள்,
பிறகு என்னைக் கழிப்பாள்.
இருபத்தேழு வருடமாக இதுதான் முறை.

இன்று கழித்தபோது பதினொன்று வந்தது.
"பிழை. திருப்பி ஏறுங்கோ."
திருப்பி ஏறினேன்.
பதினொன்று.

அனுமதி இருபத்துமூன்று.
நாங்கள் எப்போதும் இருபத்துநாலரைக்காரர்,
விமான நிலையத் தரையில் பெட்டியைப் பிளந்து
ஒன்றரைக் கிலோவைக்
கோட்டுப் பைகளுக்கு மாற்றத் தெரிந்த குடும்பம்.
லண்டனில் சாமத்தியவீடு, பாரிஸில் கலியாணம்,
ரொறன்ரோவில் செத்தவீடு.
லீவு என்று நாங்கள் சொன்னதெல்லாம்
யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையில் விரித்த மெத்தை.
சொக்லேட் ஆறு கிலோ,
மச்சாளுக்குக் கத்திச் செட்,
பெயர் தெரியாத ஒருவருக்குப்
பெயர் தெரியாத ஒருவர் தந்துவிட்ட மூட்டுவலித் தைலம்.

மால்டாவில் எங்களுக்கு ஒருவரும் இல்லை.

பொபினியிலிருந்து மைத்துனர் கேட்டார்:
"அங்க ஆர் இருக்கினம்?"
"ஒருத்தரும் இல்லை."
"அப்ப ஏன் போறியள்?"
லைன் சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

ஓல்டன் ரயில் நிலையத்து மருந்துக்கடையில்
வெயில் கிரீம் கேட்டேன்.
எந்தத் தோலுக்கு என்றாள் அந்தப் பிள்ளை.
அவள் என்னைப் பார்த்தாள், நான் அலுமாரியைப் பார்த்தேன்.
வெயிலோடு ஏற்கெனவே பேசி முடித்த தோல் இது
என்று ஜெர்மனில் சொல்ல வரவில்லை.
ஐம்பதாம் நம்பரை வாங்கினேன்,
குழந்தைகளுக்கு என்று போட்டிருந்தது.

பிளக்: எங்கள் மூன்று மெல்லிய கால்கள் அங்கே நுழையா,
அங்கே மூன்று தடித்த துளைகள்.
கார் வேண்டாம்: அங்கே இடப்பக்கம் ஓடுகிறார்கள்.
இடப்பக்கம் நான் ஓட்டியது சைக்கிள் மட்டும்,
அதுவும் மணி இல்லாதது.

செவ்வாய்க்கிழமை எங்கள் உடுப்புத் தோய்க்கும் முறை.
நிலவறை இயந்திரத்தின் சாவியைக்
கீழ்மாடி ஹூகி அம்மாவிடம் கொடுத்து
இந்தக் கிழமை நீங்கள் தோயுங்கள் என்றேன்.
பதினாறு வருடம் படிக்கட்டில் வணக்கம் மட்டும் சொன்னவர்
என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.
பூச்சட்டிக்குத் தண்ணீர் விடுவாராம்,
கேட்காமலே.

ஆறு பத்துக்கு பாசலில் விமானம்.
முதல் ரயிலில் போனால் வால் மட்டும் தெரியும்.
குகநேசனுக்கு பேக்கரி வேலை,
மூன்றேகாலுக்குப் பாண் ஏற்றிய வானோடு வருகிறான்.
முன் இருக்கை ஒன்றுதான்,
ஒருவர் பாணோடு இருக்கவேண்டும்.
அது நான்.

பெட்டியில் இன்னும் பன்னிரண்டு கிலோ வெறுமை.
தமயந்தி என் தலையணையை வைத்தாள், எடுத்தாள்.
சின்ன ரைஸ் குக்கரை வைத்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவளே எடுத்தாள்.
மேசையில் ஆறு சொக்லேட் பட்டைகள்.
கை, பழக்கத்தில், வாங்கிவிட்டிருக்கிறது.
"இது ஆருக்கு?" என்றேன்.
அவள் கொஞ்சம் யோசித்தாள்,
பிறகு ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நீச்சலுடை வாங்கி எட்டு நாளாகிறது.
கடும் நீலம், முழங்கால்வரை.
விலைச்சீட்டோடு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.
பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்,
பற்றுச்சீட்டு அவள் பர்ஸில்.
ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில்
ஒரு நாளைக்கு நானூறு பேரின் துணியை மடிப்பவள்
இந்த ஒன்றை
எப்படி மடிப்பது என்று தெரியாதவள்போல் விட்டிருந்தாள்.

இரண்டு நாற்பதுக்கு அலாரம் வைத்து
விளக்கை அணைத்துப் படுத்தேன்.
பெட்டி திறந்தபடியே கிடந்தது,
அரைவாசி காற்றோடு.

இருட்டில் அவள் எழுந்து போனாள்.
சமையலறை இழுப்பறை திறக்கும் சத்தம்.
பிறகு கதவுப் பக்கம்
கத்தரிக்கோல்
ஒருமுறை.