செவ்வாய் விடிய ஐந்தரை

செவ்வாய்க்கிழமை, விடிய ஐந்தரை.
அங்கே இன்னும் திங்கள் இரவு.
கோண்டாவிலில், குசினி மேசையில்,
ஃபோனைச் சீனிப்பேணியில் சாய்த்து வைத்திருக்கிறேன்.
இருபத்தாறு வருசமாய் நான் பார்க்கும் கம்பனி
இன்றைக்கும் தொடங்குகிறது
ஒரு கோழிப்பொரியல் விளம்பரத்தோடு.

மேடை விரிப்பைப் பார்.
முந்தி அது வெறும் வெள்ளை.
ஆர் எங்கே விழுந்தான், எவ்வளவு இரத்தம்,
எல்லாம் அதில் எழுதிக் கிடக்கும்.
இப்போது நடுவில் ஒரு குளிர்பானப் போத்தல்,
மூலைக்கு மூலை காப்புறுதி, சூதாட்டம், சவர்க்காரம்.
விழுகிறவன் விலைப்பட்டியலில் விழுகிறான்.

சாம்பியன் கடைசியாய் வந்து எழுபத்துமூன்று நாள்.
நான் எண்ணுகிறேன். அவர்கள் எண்ணுவதில்லை.

மார்ச்சில் முகமூடிக்காரன் ஒருத்தன்
கிரேடன் வோஸின் காரைக் கொளுத்தினான்.
ஆர் அவன், ஆர் அவன் என்று ஆறு கிழமை கத்தினார்கள்.
ஏழாவது கிழமை
கார் எரிந்ததையே ஒருவரும் கதைக்கவில்லை.
வோஸ் புதுக்காரில் வந்து கையசைத்தான்.
அந்த முகமூடிக்காரன் இன்னும் என்னோடு இருக்கிறான்,
வாடகை தராமல்.

போன மாதம் டலஹன் விடைபெற்றான்.
இரண்டு முழங்காலிலும் துணி சுற்றி,
நாற்பத்தெட்டு வயது.
சப்பாத்தைக் கழற்றி நடுமேடையில் வைக்கக் குனிந்தான்,
விளம்பரம்.
திரும்பி வந்தபோது அவனும் இல்லை, சப்பாத்தும் இல்லை.
ஆரோ கூட்டி அள்ளிவிட்டார்கள்.

டயர்க்கடைப் பெடியள் சிரிப்பாங்கள்:
"அண்ணை, அது முழுக்க நடிப்பெல்லோ?"
தெரியும் தம்பி.
பதின்மூன்று வயதில், பாஷையூரில், றெஜி வீட்டு டெக்கில்,
ஜெனரேற்றர் இருமி இருமி ஓட,
ஒரே குத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து,
கை தாடையில் படவில்லை, கால்தான் பலகையை அடிக்கிறது என்று
கண்டுபிடித்தது நாங்கள்தான்.
கண்டுபிடித்த பிறகுதான் விசர் பிடித்தது:
படாத அடிக்கு ஒருத்தன்
இப்பிடி விழுவானா!

கந்தசட்டி ஆறாம் நாள்
சூரன் சாவான் என்று தெரியாத ஆள் இங்கே ஆர்?
ஆனைத்தலை, சிங்கத்தலை, மாமரம், சேவல்,
எல்லாம் முன்னமே எழுதி முடிந்த கதை.
சூரன் காவுகிற குலநாயகத்துக்கும் தெரியும்.
தெரிந்தும், தோள் உரிய உரிய
அந்த மரத்தை அவன் ஆட்டுகிற ஆட்டில்
முன்னுக்கு நின்ற சனம் பின்வாங்கும்.
இந்தமுறை முருகன் தோத்துப்போவாரோ என்று
ஒரு கணம்.
அந்த ஒரு கணத்துக்குத்தான்
இவ்வளவு வருசமாய் நித்திரை குடுத்தேன்.

பொய் சொல்லுங்கோ, நான் மறிக்கவில்லை.
கவனமாய்ச் சொல்லுங்கோ.

ஸ்காபரோவிலிருந்து றெஜி எழுதுகிறான்.
பாஸ்வேர்ட் அவனுடையது.
"பாத்தியா? எனக்கெண்டால் பாதியிலயே நித்திரை.
இந்த மாசத்தோட வெட்டப்போறன்."

சத்தத்தைக் குறைத்து முடியுமட்டும் பார்த்தேன்.
கடைசி ஆட்டத்தில் ஒரு புதுப்பெடியன்.
பேரைக்கூட அவர்கள் சரியாய்ச் சொல்லவில்லை.
மேல்கயிற்றிலிருந்து முதுகு அடிபட விழுந்தான்
அந்தக் குளிர்பானப் போத்தலுக்கு மேல்.
விழுந்தவன் அசையவில்லை.
கமரா வென்றவனிடம் போய்விட்டது.
படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது.
ஒருவரும் பார்க்காத அந்த இடத்திலும்
விரல் மடங்கினபடி,
கடைசிவரை, மடங்கினபடி.

தேத்தண்ணி ஆறிவிட்டது.
றெஜிக்கு எழுதினேன்:
"நான் பாக்கேல்லை மச்சான், எழும்பப் பிந்திப்போச்சு.
வெட்டுறதெண்டால் வெட்டு."
அனுப்ப முதல் இரண்டு தரம் வாசித்து
ஒரு எழுத்தைத் திருத்தினேன்.