பகோடா பாயிண்டில் பானோஷ்

பெயரை நம்பி ஏமாந்தாள் சொலோமியா.
பகோடா பாயிண்டில் பக்கோடா இல்லை.
கல்லின்மேல் கல்லாகச் சில குவியல்கள்,
ஒரு கம்பித் தடுப்பு,
கீழே வெயிலில் தகரம்போல் மின்னும் ஊர்கள்.

இதை அடுக்கியது யார் என்றாள்.
தெரியாது.
எப்போது?
தெரியாது.
அவளுடைய கார்பாத்திய மலையில்
எனக்கு எல்லாம் தெரியும்.
ஆணியே அடிக்காத மரத் தேவாலயத்தில்
எந்தப் பலகை புதிது என்று தெரியும்,
கோட்டைக் கிணற்றில் காசு போட்டால்
எத்தனை எண்ணுவதற்குள் சத்தம் வரும் என்று தெரியும்.
மூன்று வருடம் மருத்துவம் படித்தேன்;
விடுமுறை தோறும் இழுத்துக்கொண்டு போனவள் இவள்தான்.

நான் பிறந்த அஸ்தம்பட்டிக்கு மேலே
இருபது கொண்டை ஊசி வளைவுதான் ஏற்காடு.
பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை வந்தேன்,
பதினாலாவது வளைவில் வாந்தி எடுத்தேன்.
இம்மலையில் நான் அறிந்த
ஒரே வரலாற்றுச் சின்னம் அது.

சேர்வராயன் குகைக்குள் குனிந்து போனோம்.
இந்த வழி காவிரிக்குப் போகும் என்றார் பூசாரி.
போய்த் திரும்பியவர் உண்டா என்று கேட்கச் சொன்னாள்.
கேட்டேன்.
அவர் சிரித்ததை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

தீர்த்தாயியின் மிளகாய் பஜ்ஜிக் கடையில்
முதுகுப்பையைத் திறந்தாள்:
பஸ்ஸில் எல்லை தாண்டி
மூன்று விமானம் மாறி வந்த
ஒரு கிலோ மக்காச்சோள மாவு.
ஆட்டுப்பால் கட்டிக்குப் பதில்
ராத்திரி துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர்.
பன்றிக்கொழுப்பின் இடத்தில்
கடலை எண்ணெயில் வதங்கிய சின்ன வெங்காயம்.
காளானுக்கு மட்டும் பதில் தேடவில்லை;
செவ்வாய்க்கிழமை இடிக்குப் பிறகு
காப்பித் தோட்டத்தில் முளைத்ததை
மடியில் கட்டி வந்திருந்தாள் தீர்த்தாயி.

ஒரே பக்கமாகத்தான் கிளற வேண்டும் என்றாள் சொலோமியா.
"பின்ன, களியை ரெண்டு பக்கமுமா கிளறுவாங்க?"
துடுப்பு கை மாறியது.

அப்போது கத்தியது அவள் கைப்பேசி.
சங்கு.
அவள் ஊர் வானத்தில் ஏதோ பறக்கிறது.
குரங்குகள் கூரையேறின,
பஜ்ஜி தின்ற குடும்பம் தட்டோடு எழுந்தது,
ஆம்புலன்ஸா என்று ரோட்டைப் பார்த்தார் ஒருவர்.
அம்மாவுக்கு ஒரே சொல் தட்டினாள்: நிலவறை.

அந்தச் செயலி என்னிடமும் இருந்தது.
ஊர் திரும்பிய நாலாம் மாதம்
தூக்கம் வரவில்லை என்று அழித்துவிட்டேன்.
இதை அவளிடம் சொன்னதில்லை.
அன்றும் சொல்லவில்லை.

துடுப்பு நிற்கவில்லை.
"வுட்டா அடி புடிச்சிரும்"
என்றாள் தீர்த்தாயி, யாரையும் பார்க்காமல்.

பாலேடு ஊற்றியபோது முகம் சுளித்தாள்,
இது பல் முளைக்காததுக்கு ஊட்டுவது என்று
மேலே ஒரு கரண்டி மிளகாய்ச் சட்னி வைத்தாள்.
சொலோமியாவின் கண் வழிந்தது.
மிளகாய்தான் என்று
மூவரும் ஒத்துக்கொண்டோம்.

மிச்சம் ஆறி இறுகியது.
எங்கள் ஊரில் இதை நூலால் அறுப்போம் என்றாள்.
கொண்டையிலிருந்த கனகாம்பரத்தை உருவி
நூலைக் கொடுத்தாள் தீர்த்தாயி.
ஆறு துண்டு, வாழையிலையில்.
அடுப்புக்கு ஐம்பது ரூபாய்
கறாராக வாங்கிக்கொண்டாள்.

இறங்கும்போது பதினாலாவது வளைவில்
காரை நிறுத்தச் சொல்லி
பெயர்ப்பலகையோடு என்னைப் படமெடுத்தாள்,
நான் அவளைத் தேவாலய வாசல்களில் எடுத்ததுபோல.
யார் கட்டியது?
நான்.
எப்போது?
ஆறாம் வகுப்பு.

ஒன்பதாவது வளைவில் அம்மாவின் பதில் வந்தது.
முடிந்தது, மேலே வந்துவிட்டேன், என்ன சாப்பிட்டாய்?
தட்டப்போன விரல் நின்றது.
இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?
களி, என்றேன்.
அந்தச் சொல்லுக்கு
இன்னொரு பொருளும் உண்டு.
அடிவாரம் போய்ச் சொல்லலாம் என்று
இருந்துவிட்டேன்.