மாப்பிள்ளை பக்கம்

முப்பத்தொரு வருசம் ராணித்தோட்டம் டிப்போவில்
தலை எண்ணிச் சம்பளம் வாங்கியவன் நான்.
பெனிட்டா போனில் சொன்னாள்,
"நூறு பேர் போதும்பா."
நூறு பேர்
திங்கள்கிழமை காலை குலசேகரம் வண்டியில்
படிக்கட்டிலேயே நிற்பார்கள் மக்களே.

ரோஸ்லெட் பழைய நோட்டை எடுத்தாள்.
எந்த வீட்டுக்கு எப்போது என்ன சுருள் வைத்தோம்,
தொண்ணூற்று நாலிலிருந்து அவள் கையெழுத்தில்.
இருபது ரூபாய் வைத்த வீடும் இருந்தது.
சில பெயர்களுக்கு நேரே சின்னதாய் ஒரு சிலுவை.
"அவிய இல்லை. பிள்ளையளக் கூப்பிடணும்."

கார்டு கொடுத்தது என் பழைய ரூட்டில்தான்.
பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை,
ஸ்டாப் ஸ்டாப்பாக இறங்கி ஏறினோம்.
அழகியமண்டபத்து டீக்கடைக்காரர்
கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"மூணு ரூவா சில்லறை பாக்கி தரணும் நீரு" என்றார்.
வேர்க்கிளம்பியில் பிடித்த மழை
திருவட்டார்வரை கூடவே வந்தது.
நனைந்த கவர்களை ரோஸ்லெட்
சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றிக் கொடுத்தாள்.
"பையன் எந்த ஊரு?"
"நாக்பூர்."
அதற்கு மேல் அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.
எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

சமையல் சோபனராஜ் அறுநூறு இலைக்கு
வாயாலேயே கணக்குப் போட்டான்.
பருப்பு, பப்படம், எரிசேரி, மட்டிக்குலை எட்டு.
அடைப்பிரதமனா பால்பாயசமா என்பதில்
நானும் ரோஸ்லெட்டும் இரண்டு நாள் பேசவில்லை.
இரண்டும் வைத்தோம்.

நாக்பூரிலிருந்து வந்தது ஐந்து பேர்.
அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர்,
ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர்.
சர்ச்சைச் சோடித்தவர்கள் பெஞ்சுகளை இரண்டாகப் பிரித்து
அட்டை வேறு தொங்கவிட்டிருந்தார்கள்.
பெண் வீட்டார் பக்கம் நிற்க இடமில்லை.
அந்தப் பக்கம் முதல் பெஞ்சு, அதுவும் பாதி.
இப்படி ஒரு பக்கம் சாய்ந்த வண்டியை
எந்த டிரைவரும் எடுக்கமாட்டான்.
அந்த அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
பிறகு திரும்பவே இல்லை.

என் கையைப் பிடித்தபடி பெனிட்டா வாசலில் நிற்கிறாள்.
நான் மரியதாஸைத் தேடினேன்.
பதினெட்டு வருசம் எனக்கு ஸ்டியரிங் பிடித்தவன்.
கண்ணைக் காட்டினேன், அவ்வளவுதான்.
டிப்போ ஆட்கள் நாற்பது பேர், குடும்பத்தோடு எழுந்து
நடுப்பாதையைத் தாண்டி
மாப்பிள்ளை வீட்டாராக உட்கார்ந்தார்கள்.
"முன்னால ஏறிப் போங்க, உள்ளே இடம் கெடக்கு"
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
மரியதாஸ் அந்த அம்மாவுக்குப் பின்பெஞ்சில்
தெரியாத இந்திக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா, அது மரியதாஸ் மாமால்லா?"
"இன்னைக்கு மட்டும் உன் மாமியார் வீட்டு ஆளு."
அவள் என் கையைக் கிள்ளினாள்.
நடந்தோம்.

ராத்திரி மண்டபத்தில் கணக்கு.
தலை அறுநூற்று முப்பத்தாறு,
பந்தி வாசலில் நின்று நானே எண்ணியது.
இலை அறுநூற்று முப்பத்தேழு.
ஒற்றை டிக்கெட் இடித்ததற்கு மெமோ வாங்கியவன்,
எனக்கு உறக்கம் வருமா?
சோபனராஜ் அவன் அம்மைமேல் சத்தியம் பண்ணினான்.

சுருள் கவர்களைப் பிரித்தோம்.
மரியதாஸ், ஐந்நூற்றொன்று.
அடியில் இன்னொன்று, அதே கோணல் எழுத்து:
'மாப்பிள்ளைக்கு மாமா, நாக்பூர்.'
அதிலும் ஐந்நூற்றொன்று.

போன் போட்டேன்.
"ரெண்டு வீட்டுக்காரரும் பந்திக்குக் கூப்பிட்டாவ வே.
ஒரு வீட்டுக்கு மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?"

ரோஸ்லெட் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி
மேலே நாக்பூர் என்று எழுதினாள்.
கீழே ஒரே ஒரு பெயர்.
பேனாவை மூடாமலே
பாயசம் ஏதும் மிச்சம் இருக்கா என்றாள்.
காலையிலிருந்து இரண்டு பேரும் சாப்பிடவில்லை.
கண்டக்டர்
தன் தலையை எண்ணுவதில்லை.