பிரதிவாதி: இந்திய ஒன்றியம்

நாளைக் காலை சட்டக் கல்லூரியிலிருந்து
இரண்டு பேர் என்னோடு நாங்குநேரி வருகிறார்கள்.
மத்திய அரசின் மேல் வழக்குப் போடுவது எப்படி,
கோர்ட்டில் காட்ட வேண்டுமாம்.
பாளையங்கோட்டை அறையில்
ஃபேனுக்குக் கீழே தாள் பறக்காமல் கைவைத்துக்கொண்டு
பலவேசத்தின் கட்டைப் பிரிக்கிறேன்.

மூன்றடைப்புப் பக்கம் ஒன்றேகால் ஏக்கர்.
ரெண்டாவது தண்டவாளத்துக்கு மண் கொட்டியபோது
குளத்து வாய்க்கால் நுழைந்துபோகும் சிறுபாலத்தை
அப்படியே மூடிவிட்டார்கள்.
ஊர்ப் பேரிலேயே மூணு அடைப்பு, இது நாலாவது
என்று சொல்லி அவரே சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன்.

பிரதிவாதி: தெற்கு ரயில்வே.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது பிராது.
ஓரத்தில் பென்சிலால், பெல்சியா மேடத்தின் சாய்ந்த எழுத்து:
ரயில்வே சரியான தரப்பு அல்ல, பிரிவு எழுபத்தொன்பது.
எண்பதாம் பிரிவு நோட்டீஸ் எங்கே?

ரயில் ஓடுகிறது, பாலம் மூடுகிறது,
ஆனால் சட்டத்தின் முன் அது ஓர் ஆளில்லை.
கூண்டுக்கு எதிரே நிற்கத் தகுந்தவர் ஒருவர்தான்:
இந்திய ஒன்றியம், பொது மேலாளர் வழியாக, சென்னை மூன்று.

"இந்தியா சென்னையிலயாம்மா குடியிருக்கு?"

வழக்குப் போடப்போகிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும்,
சொல்லிவிட்டு இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்
என்றபோது அவருக்கு விளங்கவில்லை.
"அடிக்கப்போறவன் கடுதாசி போட்டுட்டா அடிப்பான்?"

புரட்டாசியில் பதிவுத் தபால் போனது.
பத்து நாளில் ஒப்புகை அட்டை வந்தது.
நீல வட்ட முத்திரை,
அதன்மேல் எறும்பு மையில் விழுந்து நடந்ததுபோல் ஒரு கிறுக்கல்.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.
"இதுதான் இந்தியா கையெழுத்தா?"
தபால் பிரிவு குமாஸ்தாவா இருக்கும் என்றேன்.
"அவிய பேரு?"
தெரியாது.
வாதி தரப்பு ஆவணம் நான்கு என்று குறித்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை நோட்டீஸ் தரவில்லை.
தண்டவாளத்துக்கு மேற்கே முழங்கால் தண்ணீர்,
கிழக்கே அவர் வயலில் வெடிப்பு.
நாற்றங்கால் மஞ்சளித்தது.
நான் காலண்டரில் நாள் எண்ணினேன்.
அறுபது. ஐம்பத்தெட்டு. நாற்பத்தொன்று.

கார்த்திகைக் கடைசியில் வழக்குக்கு எண் கிடைத்தது.
தை பிறந்து முதல் வாய்தா.
வராந்தாவில் நின்று டவாலி கூப்பிட்டார்:
இந்திய ஒன்றியம்! இந்திய ஒன்றியம்! இந்திய ஒன்றியம்!
பலவேசம் வாசலைத் திரும்பிப் பார்த்தார்,
யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு வரப்போவதுபோல.

வந்தவள் ஜெனோவா.
மூன்று வருஷம் என் பக்கத்து பெஞ்சு,
இப்போது ரயில்வே பேனல் வக்கீலிடம் ஜூனியர்.
பதிலுரைக்கு அவகாசம் வேண்டும் என்றாள்.
இந்தியாவுக்கு நாலு வாரம் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்.
கடலைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள்:
"அவசரம்னா எண்பது ரெண்டுல அனுமதி கேட்டு
நோட்டீஸ் இல்லாமலே போட்டிருக்கலாமேடி?
பாலத்தைத் திறக்க இடைக்கால உத்தரவும் கேட்டிருக்கலாம்.
ஏன் காத்திருந்த?"

பொன்னாக்குடி தாண்டும்வரை
கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தில் அதே பக்கம்தான்.
முதல் உட்பிரிவோடு மூடிவைத்துவிட்டேன்,
அடுத்தது நாலு விரல் கீழே இருந்தது.
அந்த நாலு விரலுக்கு விலை
ஒரு பிசானம்.

வர்ற பிள்ளைகளிடம் தரப்பினர் பெயர் எழுதச் சொல்லலாம்,
ஒப்புகை அட்டையைக் காட்டலாம்,
குறைகளோடு திரும்பிய பிராதை முகம் சுளிக்காமல் வாங்கச் சொல்லலாம்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஆனால் பலவேசமும் நாளை வருகிறார்,
எட்டரை பஸ்ஸில்,
வழக்கம்போல் பையில் நுங்கு இருக்கும்.

அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.