பாமசி இருந்த இடம்

என் இரண்டாவது நாவலின் நூற்றுப் பதினோராம் பக்கத்தில்
வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் முகப்பில்
ஒரு பாமசி கட்டினேன்.
கட்டினேன் என்றால்,
மழைக்கு ஒதுங்க என் கதாநாயகிக்கு ஓரிடம் வேண்டியிருந்தது,
அவ்வளவுதான்.
பச்சைக் கதவு. ஒரு பக்கமாகவே ஆடும் மின்விசிறி.
மேசைக்குப் பின்னால் சகாயம் என்றொரு மனிதர்,
மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார்.
மிச்சக் காசுக்கு இருமல் டொபி.

புத்தகம் வந்து எட்டு மாதம் கழித்து
மன்னாரிலிருந்து ஒரு கடிதம்.
இருதயராணி என்று கையொப்பம்.
'மகளின் கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்பு வந்தோம்.
அவள் தூங்கிய ஒரு பின்னேரம்
உங்கள் பாமசியைத் தேடி
ஏழு ஒழுங்கை இறங்கி ஏறினேன்.
கிடைக்கவில்லை. செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.
எந்த ஒழுங்கை என்று
தெளிவாக எழுதியிருக்கலாம்.'

பதில் எழுத உட்கார்ந்தேன்.
மன்னிப்புக் கேட்பதா, வழி சொல்வதா?
கடிதம் இன்னும்
கரண்ட் பில்களுக்கு இடையில் கிடக்கிறது.

பயணம் கதை தரும் என்கிறார்கள்.
எனக்குத் தந்தது கால்வலியும்
எங்கும் மாற்ற முடியாத சில்லறையும்.
ஹெல்சிங்கியில் ஒரு நூலகத்தில் வாசித்தேன்.
பதினொரு பேர் வந்திருந்தார்கள்,
அதில் இருவர் குளிருக்கு வந்தவர்கள்.
அவர்களில் ஒருவர்தான் கேட்டார்:
அந்தப் பாமசியிலிருந்து கடலுக்கு எவ்வளவு தூரம்?
மூன்று நிமிடம், என்றேன் தயங்காமல்.
ரயில் வந்தால் ஐந்து.

அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை.
ஆகவே இரவிரவாக இங்குள்ள சத்தங்களை எழுதினேன்:
கோல் றோட்டில் பஸ்ஸின் தகரத்தைத் தட்டும் கொண்டக்டர்,
நிரம்பி வழியும் தண்ணீர்த் தாங்கி,
கொத்துரொட்டிக் கடையின் இரும்பு.
திரும்பும்போது பெட்டியில் மூன்று கிலோ கூட.
சப்பாத்தை எடுத்து வைத்தேன், புத்தகங்களை அல்ல.
கட்டுநாயக்கவில் பாத்றூம் செருப்போடு இறங்கினேன்.

இங்கே மேசைக்கு வந்தால்
எதிரே பதினாறாம் மாடிக்குக் கொங்கிறீற் ஏற்றுகிறார்கள்.
போன வருஷம் என் ஜன்னலில்
ஒரு சாண் கடல் இருந்தது.
இப்போது நாலு விரல்.
ஒன்பதாம் அத்தியாயம் நகரவில்லை.

நகராத நாட்களில் மருதானைக்குப் போவேன்.
பழைய புத்தகக் கடையில்
வாசல் முழுக்கப் பரீட்சை வினாத்தாள்கள்.
நாவல்கள் உள்ளே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.
கடைக்காரர் அட்டையைத் தட்டிப் பார்த்து விலை சொல்வார்,
தர்ப்பூசணி விற்பவரைப்போல.

செவ்வாய்க்கிழமை அங்கிருந்துதான் ஓட்டோ பிடித்தேன்.
நல்ல மழை. பிளாஸ்ரிக் திரையைக் கொளுவிவிட்டு
எங்கே மிஸ், என்றார்.
கொம்பனித்தெரு மலாய்க்காரர்,
பெயர் துவான் ஜிப்ரி என்று அட்டையில் இருந்தது.
என் வாய்தான் சொன்னது, நான் இல்லை:
வெள்ளவத்தை, அந்தப் பழைய பாமசிக்குக் கிட்ட.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
'சந்தியில இருந்ததா? அது மூடி எவ்வளவு காலம்.
மகன்மார் கனடா போய்ட்டாங்க.'

சகாயம் கலியாணமே கட்டாதவர்.
நான்தான் கட்டவிடவில்லை,
பக்கங்கள் போதாமல்.

'நல்ல மனுசன்,' என்றார் வைப்பரின் தாளத்தில்.
'காசில்லாட்டியும் மருந்து குடுப்பாரு.
கொப்பியில எழுதிக்குவாரு.'

கொப்பியா?
எந்த நிறம் என்று கேட்க நினைத்தேன்.
அதற்குள் பம்பலப்பிட்டிச் சந்தியில்
ஒரு லொறிக்காரனோடு அவருக்குச் சண்டை.

இறங்கினேன்.
சந்தியில் போன் கடை, ஒரு சலூன்,
கட்டடத்துக்கு மறைத்த நீலத் தகரம்.
மழைக்கு ஒதுங்க இடமில்லை.
புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
கடல் பக்கம் நடந்தேன்.
ரயில் வந்தது. ஐந்து நிமிடம்.

அன்றிரவு எழுதினேன்:
அன்புள்ள இருதயராணி,
அது மூடிக் கனகாலமாம்.
மகளுக்குக் கண் சுகமா?
உங்கள் கால் என்ன அளவு?